ஸ்ட்ரோலர் வாங்குறதுக்கு முன்னாடி உங்க தெருவைப் பாருங்க

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும், நடுவில் அடித்த குக்கர் விசிலையும் நீக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடு இல்ல, ஆப் இல்ல, ஏஐ இல்ல. நாலு சக்கரம் வச்ச, எஞ்சின் இல்லாத ஒரு வண்டியைப் பத்திப் பேசப்போறோம். குழந்தையை வச்சுத் தள்ளுற ஸ்ட்ரோலர்.

ஏன் திடீர்னு இதுன்னா, போன வருஷம் சங்கரன்கோவில்ல இருக்கிற எங்க அக்காகிட்ட இருந்து ஒரு போன் வந்துச்சு. "ஏலே, நீ வாங்கிக் கொடுத்த வண்டி பிள்ளையோட மல்லாந்துட்டுல. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாத." முதல் வாக்கியத்துக்கும் ரெண்டாவது வாக்கியத்துக்கும் நடுவுல ஒரு செகண்டு இருந்திருக்கும். அந்த ஒரு செகண்டு எனக்கு இன்னும் மறக்கல.

நடந்தது இதுதான். அக்காவும் அம்மாவும் பத்து மாசக் குழந்தையை ஸ்ட்ரோலர்ல வச்சுக்கிட்டு காய்கறி வாங்கிட்டுத் திரும்பியிருக்காங்க. தேங்காய், தக்காளி, பூசணின்னு கனமான பையை வண்டியோட கைப்பிடியில மாட்டியிருக்காங்க. வீட்டு வாசல்ல வாறுகால் மேல போட்ட சிமெண்ட் பலகை தெருவைவிடக் கொஞ்சம் உயரம். முன் சக்கரம் முட்டி நின்னுடுச்சு. அக்கா கைப்பிடியை அமுக்கி முன்பக்கத்தைத் தூக்கியிருக்கா. தூக்கின வேகத்துல வண்டி, பை, பிள்ளை எல்லாமா சேர்ந்து பின்னாடி சாஞ்சிருச்சு. பிள்ளைக்கு பெல்ட் போட்டிருந்ததால சீட்டை விட்டு வெளியே விழல. வானத்தைப் பார்த்துக்கிட்டு ஓன்னு அழுதிருக்கான், அவ்வளவுதான். புறப்படும்போது அம்மா, "பிள்ளைய எதுக்குட்டி இப்படிக் கட்டிப் போடுத?"ன்னு திட்டினாங்களாம். அக்கா கேட்காம விட்டது எங்க எல்லாருக்கும் நல்லதாப் போச்சு.

தப்பு வண்டி மேல இல்ல, அக்கா மேலயும் இல்ல. சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்து, நாலரை ஸ்டார் பார்த்து, பளபளன்னு ஷாப்பிங் மால் தரையில நிக்கிற போட்டோவைப் பார்த்து ஆர்டர் போட்டவன் நான். அந்த வண்டி ஓடப்போற தெருவுலதான் நான் பதினெட்டு வருஷம் வளர்ந்தேன். ஆனா அந்தத் தெருவை நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

அதனால முதல்ல சக்கரம். கடைக்காரரும் விளம்பரமும் கடைசியா பேசுற விஷயம் அதுதான்.

ஒரு சக்கரம் படி மேல ஏறணும்னா எவ்வளவு தள்ளணும்? பிளஸ் ஒன் இயற்பியல்தான், பயப்படாதீங்க. சக்கரத்தோட ஆரத்தையும் படியோட உயரத்தையும் வச்சு இதைக் கணக்குப் போடலாம். மலிவான, குட்டியா மடங்குற வண்டிகள்ல சக்கரம் சுமார் 5 இஞ்ச் விட்டம் இருக்கும், அதாவது 12.5 சென்டிமீட்டர். முன் சக்கரங்கள் மேல 8 கிலோ எடை இருக்குன்னு வச்சுக்குவோம். 2 சென்டிமீட்டர் உயர மேட்டுல நேராத் தள்ளி ஏத்த 8.6 கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுக்கணும். அதே மேட்டுக்கு 10 இஞ்ச் சக்கரம்னா 5 கிலோவுக்குச் சற்று மேல போதும். சரி, இதுல பெரிய வித்தியாசம் இல்லைன்னு தோணும். மேட்டை 4 சென்டிமீட்டர் ஆக்குங்க. பெரிய சக்கரத்துக்கு 9 கிலோவுக்குள்ள முடிஞ்சுடும். சின்ன சக்கரத்துக்கு 20 கிலோவைத் தாண்டிடும். 6 சென்டிமீட்டர் தாண்டினா சின்ன சக்கரத்தோட மையமே படிக்குக் கீழ போயிடும். அப்புறம் நீங்க பயில்வானா இருந்தாலும் தள்ளி ஏத்த முடியாது, தூக்கித்தான் ஆகணும்.

இப்ப சங்கரன்கோவிலுக்கு வாங்க. கோயிலைச் சுத்தி ரத வீதிகள். தேர் ஓடுறதுக்காக அகலமா விட்ட தெருக்கள்தான். ஆனா ஓரத்துல கடைப் படி, நிறுத்தின பைக், பூக்கடைப் பெஞ்சு, வாறுகால் பலகை. நடைபாதைன்னு தொடர்ச்சியா ஒண்ணு கிடையாது. உள் தெருக்கள்ல தார் ரோட்டை ஒருத்தர் போட்டிருப்பார், பைப்புக்காக இன்னொருத்தர் தோண்டியிருப்பார், அதை மூடின மண் தனியா ஒரு மேடா நிக்கும். 4 சென்டிமீட்டர் மேடு அங்க வித்தியாசமான விஷயமே இல்ல, வீட்டுக்கு வீடு இருக்கு. சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல இருக்கிறவங்களும் சிரிக்காதீங்க, உங்க அபார்ட்மெண்ட் கேட்டைத் தாண்டினா இதே கதைதான்.

இந்த ஊர் ரோட்டுக்கு எந்தச் சக்கரம் சரின்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க: தள்ளுவண்டிக்காரங்க. பழம் விக்கிறவரோட வண்டியையும், இஸ்திரி போடுறவரோட வண்டியையும் பாருங்க. சைக்கிள் சக்கரம் மாதிரி பெருசா நாலு சக்கரம் இருக்கும். யாரும் சூட்கேஸ் சக்கரம் வச்ச வண்டியில வாழைத்தார் ஏத்திக்கிட்டு வர்றதில்ல. நாம மட்டும் குழந்தையை அதுல வச்சுத் தள்ளுறோம்.

அதுக்காக 12 இஞ்ச் காத்தடிச்ச டயர் வச்ச ஜாகர் மாடல்தான் வாங்கணும்னு சொல்ல வரல. அது 10 கிலோவுக்கு மேல இருக்கும், பஞ்சர் ஆகும், மடிச்சாலும் கட்டிலுக்கு அடியில போகாது. தெரு மோசம், தினமும் நடந்துதான் போவோம்னா பெரிய சக்கரம். அபார்ட்மெண்டுக்குள்ளயும் மாலுக்கும் மட்டும்னா சின்ன சக்கரம். ரெண்டும் வேணும்னா 7, 8 இஞ்ச்ல, ரப்பரோ ஃபோமோ போட்ட கெட்டியான டயர் நல்ல சமரசம். வெறும் பிளாஸ்டிக் சக்கரம் கருங்கல் தரையில கடகடன்னு அடிக்கும். தூங்கின பிள்ளையும் எழுந்துடும்.

அடுத்து அந்த மல்லாந்த கதையோட கணக்கு. ஸ்ட்ரோலரை ஒரு சீசா மாதிரி நினைச்சுக்கோங்க. பின் சக்கர அச்சுதான் நடு மையம். வண்டி 6 கிலோ, அதோட எடை அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னாடி விழுது, பெருக்கினா 150. குழந்தை 10 கிலோ, 20 சென்டிமீட்டர் முன்னாடி; அது 200. கைப்பிடி அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னாடி, அதுல 6 கிலோ பை, அது 180. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது முன்பக்கம் 350, பின்பக்கம் 180, வண்டி நிக்குது. குழந்தையை இறக்கினா முன்பக்கம் 150, பின்பக்கம் 180. வண்டி தானா மல்லாக்க விழும். அப்ப குழந்தை உங்க இடுப்புல பத்திரமா இருக்கும். பக்கத்துல நிக்கிற இன்னொரு குழந்தை பத்திரமா இருக்குமான்னு சொல்ல முடியாது.

முன் சக்கரத்தைத் தூக்கும்போது என்ன ஆகுதுன்னா, வண்டியோட எடையும் குழந்தையோட எடையும் அச்சுக்கு மேலயோ பின்னாடியோ நகருது. பையும் இன்னும் பின்னாடி ஊசலாடுது. எங்க அக்கா வீட்டு வாசல்ல நடந்தது இதுதான். வண்டி எவ்வளவுக்கு எவ்வளவு லேசோ, அவ்வளவுக்கு அவ்வளவு சீக்கிரம் சாயும். "வெறும் 5 கிலோதான்"னு விளம்பரத்துல பெருமையாச் சொல்றதுக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருக்கு. கைப்பிடியில பை மாட்டுற கொக்கியை இலவசமாத் தந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க. சாமான் சீட்டுக்கு அடியில இருக்கிற கூடையிலதான் போகணும். கூடை எவ்வளவு பெருசுன்னு பார்த்து வாங்குங்க, அதுல எவ்வளவு எடை வைக்கலாம்னு வண்டியிலயே எழுதியிருக்கும்.

இப்ப குழந்தையோட வயசு. இதுல மட்டும் சமரசம் கிடையாது. பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலமில்ல. சாய்ஞ்சு உட்கார வச்சா தாடை நெஞ்சுல இடிச்சு மூச்சுக்குழாய் மடங்கலாம். அதனால கழுத்து நல்லா நிக்கிற வரைக்கும், அதாவது சுமார் ஆறு மாசம் வரைக்கும், கிட்டத்தட்ட தட்டையாப் படுக்கிற சீட்டு இருந்தா மட்டும்தான் ஸ்ட்ரோலர். குடை மாதிரி மடங்குற லேசான வண்டிகள்ல சீட்டு அவ்வளவு சாயாது, அது ஆறு மாசத்துக்கு மேலதான். படுக்குற வண்டியா இருந்தாலும் தூங்கிட்டா வீடு வந்ததும் தூக்கித் தட்டையான படுக்கையில போடணும். உட்காருற மாதிரியான சாதனங்கள்ல வழக்கமாத் தூங்க வைக்காதீங்கன்னு அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும் சொல்லுது. முதல் ஆறு மாசம் பெரும்பாலும் வீடும் மடியும் தூளியும்தானே. அப்ப ஸ்ட்ரோலரே இல்லாமலும் தாராளமா ஓட்டலாம். வளைகாப்புக்கு முன்னாடியே ஆர்டர் போடுற என் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்றேன்.

பெல்ட்டு அஞ்சு முனையா இருக்கணும்: ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, காலுக்கு நடுவுல ஒண்ணு. இடுப்புக்கு மட்டும் இருக்கிற பெல்ட்டுல இருந்து ஒரு வயசுப் பிள்ளை எழுந்து நின்னுடும். லேபிள்ல இஎன் 1888னு ஒரு எண் இருக்கான்னு பாருங்க. ஸ்ட்ரோலருக்கான ஐரோப்பியத் தரம் அது. சாயறது, பிரேக், பெல்ட், விரல் மாட்டுறதுன்னு எல்லாத்துக்கும் சோதனை உண்டு. முதல் பகுதி 15 கிலோ வரைக்கும், ரெண்டாவது பகுதி 22 கிலோ வரைக்கும். இங்க விக்கிற சில வண்டிகள்ல இது இருக்கு.

விரல் மாட்டுறதுன்னு சொன்னேன்ல. அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, எஞ்சினியருங்களுக்குப் பிடிக்கும். ஓவன் மெக்லாரன்னு ஒரு ஆங்கிலேயர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட சக்கரங்களை மடக்குற அமைப்புல வேலை பார்த்தவர். மாஸ்கோவுல இருந்து வந்த மகள், பேரப்பிள்ளையோட கனமான வண்டியைத் தூக்க முடியாமத் திணறுறதைப் பார்த்தார். அலுமினியக் குழாயில, குடை மாதிரி மடங்குற வண்டி ஒண்ணைச் செஞ்சு 1965-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். எடை மூணு கிலோகூட இல்ல. இன்னிக்கு உலகம் முழுக்க மடங்குற அத்தனை ஸ்ட்ரோலருக்கும் அதுதான் பாட்டன். ஆனா மடங்குற எதுக்கும் கீல் இருக்கும், கீல்ல விரல் மாட்டும். 2009-ல அதே பெயர்ல இருந்த நிறுவனம் அமெரிக்காவுல சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீலை மூடுற உறை கொடுக்க வேண்டியதாச்சு. 12 குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானதாப் புகார் வந்திருந்தது. அதனால வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை கைக்கெட்டாத தூரத்துல இருக்கணும். "அவனே மடிக்கிறான் பாரு"ன்னு வீடியோ எடுக்காதீங்க.

மடிக்கிறதை நம்ம ஊருக்கு எப்படிச் சோதிக்கிறது? ஒரு கையில குழந்தை இருக்கும்போது மறு கையால மடிக்க முடியுதா? மடிச்சதும் தானா நிக்குதா, இல்ல ஆட்டோக்காரர் பிடிச்சுக்கணுமா? பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர் பெட்டியில போறோம்னா, கீழ் பெர்த்துக்கு அடியில நுழையுதா? குடை மாதிரி மடங்குறது நீளம், ஆனா ஒல்லி, அது நுழைஞ்சுடும். மூணா மடங்குறது சூட்கேஸ் சைஸ், அதுவும் போயிடும். ஜாகர் போகாது, டாய்லெட் பக்கம் வச்சுட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணும். பைக்ல போற குடும்பத்துக்கு எந்த ஸ்ட்ரோலரும் உதவாது. எங்க அத்தானுக்கு எல்லாமே பைக்தான். நிஜத்தைச் சொன்னா, எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு இதுதான் பதில்: நல்ல பேபி கேரியர் ஒண்ணு போதும்.

ரயில்வே ஸ்டேஷன்னதும் பிரேக் ஞாபகம் வருது. 2009 அக்டோபர்ல ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கத்துல ஆஷ்பர்டன் ஸ்டேஷன்ல ஒரு அம்மா ஸ்ட்ரோலர்ல இருந்து ஒரு நொடி கையை எடுத்தாங்க. வண்டி தானா உருண்டு தண்டவாளத்துல விழுந்துச்சு, வந்துக்கிட்டிருந்த ரயில் இடிச்சு இழுத்துட்டுப் போச்சு. உள்ள இருந்த ஆறு மாசக் குழந்தை சின்னக் காயத்தோட பிழைச்சது. கேமராவுல பதிவான அந்தக் காட்சியை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், ரெண்டாவது தடவை முடியல. கண்ணுக்குத் தட்டையாத் தெரியுற தளம் பல நேரம் தட்டை இல்ல. மழைத் தண்ணி ஓடணும்னு லேசாச் சரிவு விட்டிருப்பாங்க.

தேர் ஓடுற ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்ல. அவ்வளவு பெரிய தேரை வடம் பிடிச்சு இழுக்க நூறு பேர் இருப்பாங்க. ஆனா சக்கரத்துக்குப் பக்கத்துலயே முட்டுக்கட்டையோட நடக்கிறவங்க கண்ணு சக்கரத்தை விட்டு அகலாது. நிறுத்துறதும் அவங்கதான், திருப்புறதும் அவங்கதான். ஸ்ட்ரோலர் தள்ளுறவங்களுக்கு ரெண்டு வேலையும் ஒருத்தருக்கே. நின்னா பிரேக், அது பத்து செகண்டா இருந்தாலும் சரி. பிளாட்பாரத்துல வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையா நிறுத்துங்க, நேரா நிறுத்தாதீங்க. வாங்கும்போது ஒரே மிதியில ரெண்டு பின் சக்கரமும் பூட்டுற பிரேக்கா பாருங்க. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மிதின்னா அவசரத்துல ஒண்ணை விட்டுடுவோம். செருப்புப் போட்ட காலால மிதிச்சு எடுக்க முடியுதான்னும் பாருங்க. நிறைய வண்டிகள்ல பிரேக்கை எடுக்கப் பெருவிரலை அடியில கொடுத்துத் தூக்கணும். ஷூ போடுற நாட்டுக்காரன் டிசைன் அது.

வெயில். எங்க ஊர் காஞ்ச பூமி. நிழல் வேணும்னு எல்லாரும் முதல்ல செய்றது, ஒரு துண்டையோ துப்பட்டாவையோ வண்டி மேல மூடுறது. நிழல் வரும், ஆனா காத்து நின்னுடும், உள்ள சூடு ஏறும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல இதை அளந்து பார்த்தாங்க. காஞ்ச துணி மூடினா வண்டிக்குள்ள வெப்பம் வெளியைவிடக் கூடுச்சு. அதே மெல்லிய துணியை நனைச்சு மூடினா குறைஞ்சது, மண்பானைத் தத்துவம்தான். ஆனா துணி காய்ஞ்சதும் திரும்பத் திரும்ப நனைக்கணும். சங்கரன்கோவில் மாதிரி காஞ்ச காத்துல இது நல்லா வேலை செய்யும். புழுக்கத்துல இருக்கிற சென்னைக்கு அந்த அளவுக்குக் கைகொடுக்காது. எங்க இருந்தாலும் முன்பக்கம் திறந்தே இருக்கணும், குழந்தை முகம் உங்க கண்ணுல படணும். வாங்கும்போதே குடைப்பகுதி நல்லா இறங்குதா, பின்னாடி வலை ஜன்னல் இருக்கா, சீட்டுத் துணியைக் கழட்டித் துவைக்க முடியுதான்னு பாருங்க. பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் வெளிய எடுக்காம இருந்தா இந்தப் பேச்சே தேவையில்ல.

குழந்தை எந்தப் பக்கம் பார்க்கணும்? ஸ்காட்லாந்துல டண்டீ பல்கலைக்கழகத்துல சூசன் ஜீடிக்ங்கிற உளவியலாளர் 2008-ல வெளியிட்ட ஆய்வு, பெற்றோரைப் பார்த்த மாதிரி உட்காருற குழந்தைகள்கிட்ட பெரியவங்க ரெண்டு மடங்கு அதிகமாப் பேசுறாங்கன்னு சொல்லுது. நல்ல விஷயம். ஆனா இங்க விக்கிற விலை குறைஞ்ச "ரிவர்சிபிள் ஹேண்டில்" வண்டிகள்ல ஒரு சிக்கல். கைப்பிடியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினா, சுழலுற சக்கரம் உங்க பக்கம் வந்துடும், முன்னாடி திரும்பாத சக்கரம் போகும். திருப்பும்போது வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல போகும். சீட்டே கழண்டு திரும்புற மாடல்ல இந்தத் தொல்லை இல்ல, விலைதான் தொல்லை.

நடுவுல ஒண்ணு. கடைக்குப் போனா ஸ்ட்ரோலருக்குப் பக்கத்துலயே வாக்கர் தொங்கும், ஆச்சி அதை வாங்கச் சொல்வாங்க. அதான் வட்டமா, நடுவுல பிள்ளையை உட்கார வச்சா காலால உந்திட்டு ஓடுமே, அது. வேண்டாம். படிக்கட்டுல உருண்ட விபத்துகளைப் பார்த்து கனடா 2004-லயே விற்பனையைத் தடை செஞ்சது. நம்ம மூணு சக்கர மர நடைவண்டி வேற. பிள்ளை தானா நின்னு, தானா தள்ளுறது அது. பட்டினப்பாலையிலயே பிள்ளைகளோட மூணு சக்கரச் சிறுதேர் வருது. அதை வாங்கிக் கொடுங்க, நானும் ஆச்சி கட்சி.

விலையைப் பத்தி ஒரே வார்த்தை. மூவாயிரத்துக்கும் கிடைக்குது, முப்பதாயிரத்துக்கும் கிடைக்குது. பயன்படுறது ரெண்டு, ரெண்டரை வருஷம். நல்ல சக்கரம் உள்ள பழைய வண்டி, சுமாரான புது வண்டியைவிட மேல். ஆனா பழசுல பெல்ட் பக்கிளும் பிரேக்கும் உறுதியா இருக்கா, குழாயில விரிசல் இருக்கா, கீல் ஆடுதான்னு உட்கார்ந்து பாருங்க.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் லீவுல ஊருக்குப் போனேன். முதல் வேலையா ஸ்கேல் எடுத்துக்கிட்டு வாசல்ல இறங்கி வாறுகால் பலகையை அளந்தேன். நாலரை சென்டிமீட்டர். அம்மா மேலயும் கீழயும் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல. அக்காவோட திருநெல்வேலிக்குப் போய் ஒரு கடையில நாலு வண்டியை இறக்கச் சொன்னோம். கையோட கொண்டுபோன பத்து கிலோ அரிசிப் பையை ஒவ்வொண்ணுலயும் வச்சு, பெல்ட் போட்டு, அக்காவையே கடை வாசப்படியில ஏத்தி இறக்கச் சொன்னேன். முதல் வண்டி ஏறவே இல்ல. ரெண்டாவது ஏறுச்சு, ஆனா இடது பக்கம் இழுத்துச்சு. மூணாவதைத்தான் வாங்கினோம். 8 இஞ்ச் சக்கரம், பெரிய கூடை, கொக்கி கிடையாது. பில் போடும்போது கடைக்காரர் கேட்டார், "தம்பி, அந்த அரிசிப் பையை இங்கயே விட்டுட்டுப் போறீங்களா? அடுத்து வர்றவங்களுக்கும் காட்டணும்."